சிவபாண்டி வைத்த பாஸ்வேர்டு

சுபலட்சுமி திருநகரிலிருந்து பஸ் ஏறி மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வேலைக்குப் போய்வந்தாள். பின்கட்டில் ஒரு குளிர்ந்த அறையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. பதினோரு வருஷத்தில் ஒரு ஃபைலைக்கூடத் தொலைத்தவளில்லை.

பழைய லேப் ரிப்போர்ட்டுகளெல்லாம் ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் இருந்தன. கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடுகிற இன்னொரு கம்ப்யூட்டர் அது. அந்த ரிப்போர்ட்டுகள் பழைய விண்டோஸில் மட்டுமே திறக்கும் என்பதால் அந்த ஏற்பாடு. அதை என்கிரிப்ட் செய்து பூட்டியவர் அவளுடைய சீனியர் சிவபாண்டி. பாஸ்வேர்டை, அந்த மெஷின் ஓடிய பழைய கம்ப்யூட்டரே நினைவில் வைத்திருந்ததால் யாரும் அதை அடித்ததேயில்லை. போன வருஷம் திருமங்கலம் ரோட்டில் லாரி மோதி அவர் இறந்துபோனார்.

சித்திரையில் புது சர்வர் வந்தது. பழைய விண்டோஸ் அதற்கு ஒத்துவருமா என்பதுதான் சுபலட்சுமியின் ஒரே கவலை. பூட்டில்லாத வேறொரு மெஷினை ஏற்றிப் பார்த்தாள், ஓடியது. லேப் மெஷினையும் காப்பி செய்துவிட்டுப் பழைய கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தாள்.

புதுசில் திறந்தபோது பாஸ்வேர்டு கேட்டது. அது அழித்த கம்ப்யூட்டரோடு போயிருந்தது. பேக்கப்பும் அதே பூட்டோடுதான் கிடந்தது. நாலு நாள் தெரிந்த வார்த்தையையெல்லாம் அடித்துப் பார்த்தாள். பிறகு வில்லாபுரத்தில் சிவபாண்டியின் மனைவி செல்லத்தாயைத் தேடிப் போனாள்.

"அண்ணே எதுலயாச்சும் எழுதி வச்சிருந்தாங்களாக்கா?"

செல்லத்தாய் பீரோவிலிருந்த டைரிகளை எடுத்துக் கொடுத்தாள். எதிலும் இல்லை. கடைசியில் அவருடைய போனைக் கொண்டுவந்தாள்.

"இதுக்கே லாக் தெரியல. அவுக பேசி அனுப்புனது எம்புட்டோ இதுல கெடக்கு. நீ படிச்ச பிள்ளை, தெறந்து குடு."

அதுவும் சுபலட்சுமியால் முடியவில்லை. திரும்பக் கொடுக்கும்போது செல்லத்தாயின் முகத்தைப் பார்க்கக் கூசியது.

அந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு ராமக்காள் வந்தாள். ஆறு வருஷத்துக்கு முன் அங்கேயே மார்பில் ஆபரேஷன் செய்துகொண்டவள். மறுபடி கட்டி. டாக்டர் பழைய பயாப்சி ரிப்போர்ட்டைக் கேட்டார். அவளிடமிருந்த தாளைக் கரையான் அரித்திருந்தது.

"சர்வர் டவுன்னு சொல்லுங்க" என்றார் மேனேஜர். இரண்டு நாள் அப்படியே சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் நாளும் அவள் வந்து நின்றபோது சுபலட்சுமி வெளியே வந்தாள்.

"அம்மா, அந்த ரிப்போர்ட் இனிமே கெடைக்காது. பழைய கம்ப்யூட்டரை அழிச்சது நான்தான்."

ராமக்காள் அவளையே பார்த்தாள். "அப்ப திரும்பவும் சதை எடுப்பாகளா?"

"ஆமாம்மா."

"மொத நாளே சொல்லியிருக்கலாம்ல தாயி."

நடந்ததை சுபலட்சுமி நிர்வாகத்துக்கும் எழுதிக் கொடுத்தாள். அவளை சர்வர் அறையிலிருந்து எடுத்து டோக்கன் கவுன்டரில் உட்காரவைத்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து வந்த ராமக்காளின் புது பயாப்சி முடிவு நல்லதாக இல்லை. பழைய ரிப்போர்ட் இருந்திருந்தாலும் இதேதான் என்றார் டாக்டர். சுபலட்சுமி தலையாட்டினாளே தவிர மனசு ஆறவில்லை.

கீமோவுக்கு வந்த அன்று ராமக்காள் அவள் முகத்தைப் பார்க்காமலே கவுன்டரில் கையை நீட்டினாள். டோக்கனை வாங்கிக்கொண்டு பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.