மாடியில் ஒரு லேத்

ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் மாமி, தையல் மெஷின் அளவே உள்ள பழைய லேத்தில் பித்தளை கடைவார். வளையல்களைக் கழற்றாமல் அதைத் தொடமாட்டார். விரல் போய்விடும் என்று பயந்த அவர் மகன், அதை விற்க ஆள் கூட்டிவந்த அன்று, மாமி என்னிடம் ஒரு பையை நீட்டினார்.

“இது லேத்தோட பல்சக்கரங்கள். இதில்லாம திருகாணிக்கு மரை வெட்ட முடியாது, எவனும் வாங்கமாட்டான். ஒளிச்சு வை, கேட்டியா.”

“உங்க நல்லதுக்குத்தானே சொல்றார், மாமி?”

“நாளைக்கு உன் பொண்ணும் இதையே சொல்லுவா. அப்போ நீ கேப்பியோ?”

மகன் வந்து கேட்டபோது, பை தொட்டிலுக்கடியில் இருந்தது. தெரியாது என்றேன். வந்த ஆள் வாங்காமல் போனார்.

செய்தது சரிதானா என்று இன்னும் குழம்புகிறேன். மாடியில் லேத் திடீரென்று நின்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன். மாமி பத்து விரல்களையும் விரித்துக் காட்டி, “எண்ணிக்கோ” என்கிறார்.