மூணு வருஷமா மூணாவது வருஷம்

கல்லூரியில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘மூணாவது வருஷம்’. வைத்தவர் ஆபீஸ் கிளார்க். கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. மூணு வருஷமாக மூணாவது வருஷத்திலேயே இருந்த பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

படிப்பில் மக்கு என்று நினைத்துவிட வேண்டாம். வேதியியல் பிரிவில் முதல் இரண்டு வருஷமும் அவள்தான் முதல். சோதனைக்கூடத்தில் அவள் கையில் ஒரு சொட்டுகூட அதிகம் விழாது. அப்பா அரசு பஸ் டிரைவர். அம்மா வீட்டிலேயே தைத்துக் கொடுப்பாள். அவள் மூன்றாவது வருஷத்துக்கு வந்தபோது, இரண்டு வயது இளைய தங்கை அதே கல்லூரியில் அதே பாடத்தில் சேர்ந்தாள்.

அந்த வருஷம்தான் மாணவர்களுடைய இலவச பஸ் பாஸை அரசாங்கம் ரத்து செய்தது. முதல் வாரம் ஊர்வலம் நடந்தது. இரண்டாவது வாரம் கல்லூரி வாசலில் ஒரு பஸ்ஸை மறித்துக் கண்ணாடியை உடைத்தார்கள். ஓட்டி வந்தவர் அவளுடைய அப்பா.

மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். அவள் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, தலைமுடியில் சிக்கியிருந்த கண்ணாடித் துகள்களைச் சீப்பால் எடுத்தாள்.

“நீ எங்க இருந்த?”

“லேப்லப்பா. சத்தம் கேட்டுது. உங்க வண்டின்னு தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா?”

அவள் சீப்பைத் தாளில் தட்டினாள். அவரே பேசினார். “பசங்க கேக்கறது நியாயம்தான். என்ன, குறி பாக்கத்தான் தெரியல. உத்தரவு போட்டவன் எங்கேயோ இருக்கான், நான் முன்சீட்டுல உக்காந்திருக்கேன்.”

மறுநாள் கல்லூரிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: மறு உத்தரவு வரும்வரை மூடப்படுகிறது. அந்த மறு உத்தரவு வந்து சேர ஏழு மாசம் ஆனது.

ஒருவழியாகத் திறந்து, பரீட்சைக்குத் தேதி வைத்தார்கள். முதல் தாளை நன்றாகவே எழுதிவிட்டு வந்தாள். அடுத்த நாள் மந்திரிசபை கவிழ்ந்தது. மிச்சத் தாள்கள் தள்ளிப்போயின. திரும்பவும் தேதி வந்தது, திரும்பவும் தள்ளிப்போனது. தேர்தல் முடிந்து புது அரசாங்கம் வந்தது. வந்த வாரமே பஸ் பாஸைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் இன்னொரு அறிவிப்பு. பழைய அரசாங்கம் நடத்திய பரீட்சை செல்லாது. முதல், இரண்டாம் வருஷ மாணவர்கள் பரீட்சை இல்லாமலே மேல் வகுப்புக்குப் போகலாம். கடைசி வருஷத்தவர்கள் மட்டும் புதுப் பாடத்திட்டத்தில் திரும்பப் படிக்க வேண்டும்.

தங்கை தெருமுனையிலிருந்தே ஓடிவந்தாள். “அக்கா, எழுதாமலே பாஸ்க்கா!” என்று கத்தியவள், அக்கா முகத்தைப் பார்த்ததும் சட்டென்று அடங்கிவிட்டாள்.

“எழுதாதவளுக்குப் பாஸ். எழுதினவளுக்கு மறுபடியும் மொதல்லேர்ந்து. சரி, கை கால் கழுவிட்டு வா, சாப்பிடலாம்,” என்றாள் அவள்.

இரண்டாம் தடவை பாதி வருஷம் போன பிறகுதான் புதுப் புத்தகங்கள் வந்தன. அதற்குள் தோற்ற கட்சிக்காரர்களுக்கும் ஜெயித்த கட்சிக்காரர்களுக்கும் தெருவில் அடிதடி. வெளியூரிலிருந்து வந்த போலீசுக்குத் தங்க இடமில்லை என்று கல்லூரியைக் கொடுத்துவிட்டார்கள். நோட்டு ஒன்றை எடுத்துவர அவள் போனபோது, சோதனைக்கூடத்தில் பியூரெட் ஸ்டாண்டுகளில் சீருடைச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. அந்த வருஷம் பரீட்சையே நடக்கவில்லை. கீழ் வகுப்புகளை மறுபடியும் சும்மாவே மேலே ஏற்றினார்கள்.

அப்படித்தான் அக்காவும் தங்கையும் ஒரே வகுப்பில் வந்து நின்றார்கள். முதல் நாள் தங்கை கூச்சத்தில் கடைசி பெஞ்சுக்குப் போனாள்.

“அங்க எதுக்குடி போற? இங்க வா. புத்தகம் ஒண்ணுதானே இருக்கு,” என்று அக்கா கூப்பிட்டாள்.

ஆபீஸ் கிளார்க் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். “என்ன மூணாவது வருஷம், தங்கச்சியும் வந்தாச்சா? அடுத்து அம்மாவையும் சேத்துடலாம்.”

அவளும் சிரித்துவிட்டாள். அந்த வருஷம் அதிசயமாக ஒன்றும் நடக்கவில்லை. பரீட்சை சொன்ன தேதியில் நடந்தது. அவள் கல்லூரியிலேயே முதல், தங்கை நான்காவது.

முடிவு வந்த மாதமே அரசுப் பள்ளிகளில் சோதனைக்கூட உதவியாளர் வேலைக்கு ஆள் எடுப்பதாக அறிவித்தார்கள். வயது வரம்பை இருபத்தெட்டிலிருந்து இருபத்துமூன்றாகக் குறைத்திருந்தார்கள். அவளுக்கு இருபத்துமூன்று முடிந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

அலுவலகத்துக்குப் போனாள். அதிகாரி பொறுமையான மனிதர்தான். உட்காரச் சொல்லி, அவள் சொல்வதைக் கேட்டார்.

“ரெண்டு வருஷம் காலேஜை மூடி வச்சதாலதானே சார் வயசு ஏறிச்சு? மூடினது அரசாங்கம்தானே?”

“ஆமாம்மா.”

“வயசைக் குறைச்சது?”

“அதுவும் அரசாங்கம்தான்.”

“அப்போ அரசாங்கம்தானே சார் எனக்கு வழி சொல்லணும்?”

“முதல்ல மூடினது போன அரசாங்கம்மா,” என்றார் அவர். “இது வேற.”

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெஞ்சில் அழுகிறவர்கள் புதிதில்லை போலிருக்கிறது.

தங்கை விண்ணப்பிக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். “உனக்கில்லாத வேலை எனக்கெதுக்கு?”

“நீயும் போகலைன்னா எனக்குக் குடுத்துடுவாங்களா?” அக்கா விண்ணப்பத்தைத் தானே நிரப்பி மேஜையில் வைத்தாள். “கையெழுத்து மட்டும் போடு.”

தங்கைக்கு வேலை கிடைத்தது; வேறு ஊருக்குப் போனாள். இவள் அதற்குள் ஊர்க் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் தினக்கூலிக்குச் சேர்ந்திருந்தாள். ஊரில் பன்னிரண்டு இடங்களிலிருந்து காலையில் பாட்டிலில் தண்ணீர் வரும். ஒவ்வொன்றிலும் குளோரின் சரியாக இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். தங்கை ஊருக்குப் போன அன்று ஒரு பாட்டிலைக் கைதவறி உடைத்தாள். அதன்பிறகு உடைத்ததில்லை.

நான்கு வருஷம் கழித்து ஒரு காலை, ஓய்வு பெற்றிருந்த அப்பா பேப்பரோடு உள்ளே வந்தார். கல்லூரிகள் மூடியதால் பாதிக்கப்பட்டவர்களுக்கு வயது வரம்பில் இரண்டு வருஷம் சலுகை. அதாவது, இருபத்தைந்து. அவளுக்கு இருபத்தேழு.

“ஒரு மனு போட்டுப் பாப்பமா?” என்றார்.

“வேணாம்பா. அவங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு முப்பது ஆயிடும்.” டிபன் பாக்ஸை மூடினாள். “அதுவுமில்லாம, போன வாரம்தான் என்னை நிரந்தரம் பண்ணியிருக்காங்க. சொல்ல மறந்துட்டேன்.”

“இதைப் போயா மறப்ப?”

“உத்தரவு ரத்தாகாம ஒரு வாரம் நிக்கட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். பழகிப்போச்சு.”

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்தார்.