ஷூவை அறுத்துப் பார்த்தவர்

முதல் ஷிப்ட் பஸ் அன்றைக்கு வாலாஜாபாத்தில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றதாம். குமரேசன் சார் வரவில்லை. டிரைவர் போன் போட்டபோது அவர் மனைவிதான் எடுத்தார். குளிக்கப் போனவர் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். ஸ்டோர்ஸ் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த என்னிடம் டிரைவரே வந்து சொன்னார்: "நம்ம சேஃப்டி சாரு பூட்டாரும்மா."

இரங்கல் கூட்டத்தில் நிர்வாகத்தின் சார்பில் பேசியவர், அவர் மென்மையானவர், எல்லோரையும் அனுசரித்துப் போனவர் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களில் யார் அவரிடம் திட்டு வாங்காதவர், கையைத் தூக்குங்கள் பார்ப்போம். பாதுகாப்பு அதிகாரி வேலையை அவர் சண்டைக்காரனின் வேலையாகத்தான் பார்த்தார். அனுசரித்துப் போனவர் என்றால், கடைசியில் அவரை டிரெயினிங் ரூமில் புரொஜெக்டருக்குக் காவலாக ஏன் உட்காரவைத்தார்கள்?

ஒரகடம் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்த காலத்தில் அவர் இங்கே சேர்ந்தார். அதற்கு முன் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ தொழிற்சாலையில் இருந்தவர். சேர்ந்த புதிதில் ஒருநாள் என் ஸ்டோர்ஸுக்குள் நுழைந்து, பெர்மனென்ட் ஆட்களுக்குக் கொடுக்கும் ஷூவில் ஒன்று, கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கொடுப்பதில் ஒன்று என்று எடுத்தார். இரண்டும் கறுப்பு, இரண்டும் பளபளப்பு. என்னைக் கேட்காமல், இரும்பறுக்கும் ஹாக்ஸா பிளேடால் இரண்டையும் நடுவில் அறுத்தார். புது ஷூவை அறுக்கிற ஆளை அதுவரை நான் பார்த்ததில்லை. கத்தினேன். அவர் அசரவில்லை.

"மேல பாத்தா ரெண்டும் ஒண்ணுதாம்மா கஸ்தூரி. அறுத்துப் பாத்தாதான் எவன் யோக்கியன்னு தெரியும்" என்றார்.

அப்புறம் காட்டினார். நல்ல ஷூவில் மேல்தோலையும் உள்ளடியையும் சேர்த்துப் பிடித்து ஒரு தோல் பட்டி சுற்றிலும் ஓடுகிறது. மெழுகு ஏற்றிய தடித்த நூலால் அதைத் தைத்திருக்கிறார்கள். வெளியடியை அந்தப் பட்டியோடு இன்னொரு தையல் பிடித்துக்கொள்கிறது. நடுவே தக்கை. பாதத்தின் வளைவுக்குக் கீழே ஓர் இரும்புப் பட்டை. அடி தேய்ந்தால் தையலைப் பிரித்து வேறு அடி தைத்துக்கொள்ளலாம். மற்றதில் தையலே கிடையாது. தோலை மடித்து அட்டையில் ஒட்டி, அடியையும் பசையால் ஒட்டியிருந்தார்கள். முன்னால் விரல்களைக் காக்கும் இரும்புக் குல்லா மட்டும் இரண்டிலும் உண்டு. ஆடிட்டுக்கு வருகிறவர்கள் அதை மட்டும்தானே தட்டிப் பார்ப்பார்கள்! தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் தரையில் எந்நேரமும் எண்ணெய் நிற்கும். எண்ணெய் ஊற ஊறப் பசை விடும். அந்தத் தரையில் நிற்பவர்களோ முக்கால்வாசி கான்ட்ராக்ட் ஆட்கள்.

அவர்களுக்கும் தையல் ஷூ வேண்டும் என்பதுதான் சாரின் பெரிய சண்டை. வருஷா வருஷம் கேட்டார், வருஷா வருஷம் பார்க்கலாம் என்றார்கள். இன்னொன்றும் கேட்டார். கான்ட்ராக்ட் ஆள் வேலையை விட்டுப் போனால் ஷூவைத் திருப்பி வாங்கி அடுத்தவருக்குக் கொடுப்பது எங்கள் வழக்கம். அதை நிறுத்தச் சொன்னார்; கண்டாலே அவருக்கு ஆகாது. "மிதிக்க மிதிக்க உள்ள அவன் காலு அச்சு வுழுந்துடும். அத்த இன்னொருத்தனுக்கு மாட்றது, செத்தவன் பல்செட்ட இவன் வாயில வெக்கிற மாதிரி" என்பார். சிரிப்போம். சிரித்தவர்களில் ஒருவரும் அவரோடு மாடியில் மேனேஜர் ரூமுக்கு ஏறி வந்து கேட்கவில்லை.

பிறகு இசக்கி விழுந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கான்ட்ராக்ட் ஆள், வல்லத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர். தகடு தூக்கிக்கொண்டு போகும்போது ஒட்டு ஷூவின் அடி வாயைப் பிளந்து மடங்கியது. மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். சார் போடவில்லை. பிளந்த ஷூவை மேனேஜர் மேசைமேல் வைத்து, "இதுக்கு இன்னா கவனம் இருக்கணும்னு சொல்லுங்க, நானே கத்துத் தரேன்" என்றார். இசக்கி ஊருக்குப் போனார். சார் டிரெயினிங் ரூமுக்குப் போனார். ஒட்டு ஷூ மட்டும் எங்கேயும் போகவில்லை.

அவர் இறந்து காரியம்கூட முடியவில்லை, ஹெச்.ஆரிலிருந்து எனக்குப் போன். சாரிடம் இருக்கும் ஷூ கம்பெனிப் பொருளாம், ஸ்டோர்ஸில் வாங்கி வைக்க வேண்டுமாம். வாயில் நல்லா வந்தது, அடக்கிக்கொண்டேன். எப்படியோ விஷயம் அவர் மனைவிக்கும் எட்டிவிட்டது. மஞ்சள் பையில் போட்டுத் தானே கொண்டுவந்தார். "தொடைச்சி பாலிஷ் போட்டுதாம்மா எடுத்தாந்தேன்" என்றார். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் சார் அடி மாற்றித் தைத்துக்கொண்ட தையல் ஷூ அது. தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை.

அடுத்த வாரமே, பிரஸ் ஷாப்புக்குப் புதிதாக வந்த கான்ட்ராக்ட் ஆளுக்கு அதைக் கொடுக்கச் சொன்னார்கள். அளவு சரி. தென்காசிக்காரர், பெயர் மாடசாமி. ஒட்டு ஷூவுக்கு இது மேல் என்று நானும் கொடுத்தேன். பிரஸ் ஷாப்பில் ஒரு கான்ட்ராக்ட் ஆளின் காலுக்குத் தையல் ஷூ முதன்முதலாக அப்படித்தான் போனது. அதற்கு நீங்கள் சாக வேண்டியிருந்தது, சார்.

மறுநாளே மாடசாமி நொண்டிக்கொண்டு வந்தார். "ஷூ நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா உள்ள ஏற்கெனவே ஒரு ஆளு நிக்காரு. எனக்கு மத்ததயே தாங்க."

மற்றது என்றால் ஒட்டு. ஸ்டோர்ஸில் வேறு இல்லை. கொடுத்தேன்.

சாரின் ஷூ என் அலமாரியில் இருக்கிறது. ஹெச்.ஆர். கேட்டால் யாருக்கும் சேரவில்லை என்கிறேன். அது பொய்யில்லை. பாலிஷ் போட்டுத்தான் வைத்திருக்கிறேன், சார். மாடசாமி இன்றைக்கும் முதல் ஷிப்ட், ஒட்டு ஷூவோடு எண்ணெயில் நிற்கிறார்.