ராகுகாலம் கழிந்து நான் பேசிய மாநாடு

எனக்குப் பொறுமை கிடையாது. இலங்கையில், பதுளைக் கடைவீதியில் அரிசிக்கடை நடத்திய காலத்தில், கையில் நாலு அரிசி எடுத்துப் பார்த்து "கல்லு கெடக்கே" என்று யாராவது முகம் சுளித்தால், "வேற கடையப் பாருங்க" என்று எரிந்து விழுவேன். அப்பேர்ப்பட்டவனைத்தான் பல தேசத்துப் பெரிய மனிதர்கள் கூடிய மாநாட்டில் பேச அழைத்தார்கள். என் அறிவுக்காக அல்ல. கடைவீதியின் சார்பில் ஒருவர் பேச வேண்டும் என்றார்கள். என் அளவுக்குச் சத்தமாகப் பேசக்கூடியவர்கள் வேறு யாரும் அப்போது ஊரில் இல்லை.

பெரிய யுத்தம் முடிந்திருந்த சமயம். உலகமெங்கும் தானியத் தட்டுப்பாடு. பர்மா அரிசி முன்போல் கப்பலேறவில்லை. ஜாவா, மலாயா, பர்மா, சென்னை என்று பல இடத்து அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் கொழும்பில் கூடிப் பேசினார்கள். தேயிலைத் தோட்டங்களையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு நாள் கூட்டத்தைப் பதுளையில் வைத்தார்கள்.

செய்தி கேட்டதும் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, கூலியாட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணி ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவர் தோட்டத்து ஆட்களுக்கு அரிசி என் கடையிலிருந்துதான் போகும். முந்தைய மழைக்காலத்தில் வண்டிப்பாதை சேறாகி, மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிகள் பாதி வழியில் புதைந்து நின்றுவிட்டன. ஆட்கள் வரிசை வரிசையாகக் குடியிருக்கும் லயங்களில் பலாக்காயையும் கிழங்கையும் அவித்துத் தின்று நாளை ஓட்டினார்கள். அதுவும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை.

"மொதலாளி, கப்பலப் பத்தி அவங்க பேசிக்குவாங்க. நீங்க எங்க ரோட்டப் பத்தி ஒரு வார்த்த சொல்லிடுங்க. ஐப்பசி மழைக்குள்ள அதச் சரி பண்ணலன்னா இந்தத் தடவையும் புள்ளைங்க பட்டினிதான்" என்றார். அவர் கெஞ்சியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

மாநாட்டு நாள் காலை. கோட்டு, தலைப்பாகை, காலைக் கடிக்கிற புதுச் சப்பாத்து எல்லாம் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். என் மனைவி வாசலை மறித்தாள்.

"இன்னைக்கு வெள்ளிக்கெழம. பத்தரையிலேருந்து பன்னெண்டு வரைக்கும் ராகுகாலம். அந்த நேரத்துல வாயத் தொறந்து எதையும் கேட்டுறாதீங்க."

"வெள்ளக்காரனுக்கு ஏதுடி ராகுகாலம்?"

"கேக்கப் போறது நீங்கதானே?"

போய் உட்கார்ந்த பிறகு தெரிந்தது, என் முறை சரியாகப் பதினொரு மணிக்கு. கூட்டத்துக்குத் தலைமை வகித்த, எங்கள் மாகாண அதிகாரியான துரை என்னைப் பார்த்துத் தலையசைத்தபோது, பக்கத்தில் நின்ற அரசாங்கக் கச்சேரி மொழிபெயர்ப்பாளரிடம், "ராகுகாலம் கழியட்டும், அப்புறம் பேசுறேன்னு சொல்லுங்க" என்றேன். அவரும் தமிழர்தான். முகம் வெளிறிப் போய்விட்டது.

"இத எப்படிங்க இங்கிலீஷுல சொல்றது?"

"எப்படியாவது சொல்லுங்க. நல்ல காரியத்த கெட்ட நேரத்துல கேக்க மாட்டேன்."

அவர் ஏதோ சொன்னார். சபை முழுக்கச் சிரித்தது. எனக்குக் காது சூடேறியது. ஆனால் பக்கத்து நாற்காலியிலிருந்த ஜாவா துரை, ஆளும் பெரியவர், சிரிப்பும் பெரியது, "நான் முதலில் பேசுகிறேன்" என்று சந்தோஷமாக எழுந்தார். எழுந்தவர் உட்காரவில்லை. ஜாவாவில் நெல்லைத் தின்னும் எலிகளைப் பற்றி ஆரம்பித்து, எலிகளிலேயே நின்றார். பன்னிரண்டு தாண்டியது. ராகு போய்விட்டது, எலிகள் போகவில்லை.

பகல் சாப்பாட்டைப் பண்டாரவளையில் ஒரு ஓட்டலில் சொல்லியிருந்தார்கள். முந்தைய இரவு பெய்த மழையில் வழியில் மண் சரிந்து, சாப்பாடு ஏற்றி வந்த லாரி சேற்றில் மாட்டிக்கொண்டது என்று ஒருவர் மூச்சு வாங்க வந்து சொன்னார். சாப்பாடு வரும்வரை கடைவீதிக்காரர் பேசட்டும் என்றார் தலைமைத் துரை.

பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதித் தந்த அழகான பேச்சு ஒன்றை மனப்பாடம் செய்திருந்தேன். சக்கரவர்த்திக்கு வாழ்த்து, சபைக்கு வணக்கம் என்று தொடங்கினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் கதவில் இருந்தது. எனக்கும் பசி. சப்பாத்து வேறு கடித்தது. பேச்சு மறந்தது, கோபம் வந்தது.

"ஐயாமாரே! உங்க சாப்பாடு சேத்துல நிக்குது. கொஞ்ச நேரத்துல வந்துரும். அதுக்குள்ளயே கதவப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. நானும்தான் பாக்குறேன். போன மழைக்கு மடுல்சீமைக்குப் போன அரிசியும் இப்படித்தான் சேத்துல நின்னுச்சு. அங்க லயத்துல புள்ளைங்க நாள்கணக்கா கதவப் பாத்துக்கிட்டு இருந்துச்சுங்க. கப்பல் கப்பலா அரிசி வந்தாலும் ரோடு இல்லன்னா அதுங்களுக்கு ஏதுங்க சோறு?"

இந்த முறை மொழிபெயர்ப்பாளர் தயங்கவில்லை. என்னைவிடச் சத்தமாகவே சொன்னார். கதவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று மேசையைப் பார்த்தார்கள். தொலைந்தோம் என்று நினைத்தேன். தலைமைத் துரை, அந்தத் தோட்டத்து ஆள் யாராவது இங்கே இருக்கிறாரா என்று கேட்டார். வெளியே மரத்தடியில் நின்ற கங்காணியைக் கூட்டி வந்தார்கள். வண்டி எங்கெங்கே புதைகிறது என்று துரை கேட்கக் கேட்க, அவர் கைகட்டி நின்று சொன்னார். அடுத்த வாரம் நானே குதிரையில் வந்து பார்க்கிறேன் என்றார் துரை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கத் தலைப்பாகையைச் சரி செய்வதுபோல் நடித்தேன்.

லாரி வருகிற வழியாக இல்லை. கடைவீதிக்கு ஆளனுப்பிச் சுடச்சுட வடை தருவித்தேன். உலகத் தலைவர்கள் விரல் சுடச்சுடத் தின்றார்கள். ஜாவா துரை வடையிலிருந்த மிளகாயைக் கடித்துவிட்டுக் கண்ணீரோடு இன்னொன்று கேட்டார்.

துரை சொன்னபடியே போனார். அவருடைய குதிரையும் சேற்றில் மாட்டியதாம். கங்காணி அதை என்னிடம் மூன்று முறை சொல்லிச் சிரித்தார். மழைக்கு முன் பாதையைச் செப்பனிட்டார்கள். "நான் சொன்ன நேரத்துக்குப் பேசுனீங்க, காரியம் நடந்துச்சு" என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாள். மறுக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஐப்பசி வந்தது. அடைமழையில் ஒரு நாள் கங்காணி கடைக்குள் நுழைந்தார், முழங்கால்வரை சேறு, முகத்தில் கடுகடுப்பு.

"என்ன கங்காணியாரே, வண்டி வந்து சேரலயா?"

"வண்டியெல்லாம் வந்துருச்சு மொதலாளி. ஆனா என்ன அரிசி அனுப்புனீங்க? ஒரே கல்லு! லயமே ஒக்காந்து பொறுக்கிக்கிட்டு இருக்கு."

என் ஆயுளில் அன்று ஒரு நாள்தான், அந்தப் புகாரைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேன்.