உறுதிமொழியில் நான் சேர்த்த கடவுள்

மொழிபெயர்ப்பு வேலையில் ஒரு வசதி உண்டு: பிழை எங்களுடையதாக இருந்தாலும் அதை வாய் திறந்து சொல்லப்போவது வேறொருவர். இந்த வேலையில் கிடந்து மாயும் உங்களுக்கு நான் சொல்லவருவது விளங்கும்.

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு சமூக நிலையத்தில் வேலை செய்கிறேன். குடியுரிமை எடுக்கப்போகும் எங்கட ஆட்களுக்குச் சனிக்கிழமைகளில் வகுப்பு. மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற உறுதிமொழியை ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். என்ன சொல்கிறோம் என்று விளங்கட்டுமே என்று, அதைத் தமிழில் ஒரு தாளாக அடித்துக் கொடுத்தேன்.

கம்பீரமான தமிழ்

ஆங்கிலத்தில் தொடக்கத்தில் இரண்டு சொற்கள் உண்டு. விரும்பினால் 'சத்தியம் செய்கிறேன்' என்னலாம், இல்லாவிட்டால் 'உறுதி கூறுகிறேன்' என்னலாம். இரண்டிலும் கடவுள் இல்லை. நான் 'எல்லாம் வல்ல இறைவன் சாட்சியாக ஆணையிடுகிறேன்' என்று எழுதினேன். வாசிக்கக் கம்பீரமாக இருந்தது. இரண்டாவது சொல்லை விட்டேவிட்டேன்.

கூட வேலை செய்யும் ரெஜினா தாளைப் பார்த்தார். மன்னார்க்காரி, ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். "அண்ணை, இங்கிலீசில கடவுள் இல்லையே?" என்றார். சத்தியம் என்றாலே கடவுள்தானே என்றேன். நம்பிக்கை இல்லாதவர்களுக்காகத்தான் மற்றச் சொல் இருக்கிறது என்றார். எங்கட சனத்தில அப்படி ஆர் இருக்கினம் என்று சிரித்தேன். ரெஜினா சிரிக்கவில்லை.

"நான் கடவுளைக் கும்பிடுறன் அண்ணை. அதுக்காக மற்ற ஆக்கள்ட வாயில கொண்டுபோய் வைக்கேலாது."

எந்தக் கடவுள்

மோர்னிங்சைட்டிலிருந்து வரும் நல்லதம்பி அங்கிள் மட்டக்களப்புக்காரர். தாளை இரண்டுதரம் வாசித்துவிட்டு, இது எந்தக் கடவுள் என்று கேட்டார். உங்களுக்கு விருப்பமானவரை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் முருகனை நினைத்துக்கொண்டார். பிறகு கையை உயர்த்தினார்.

"முருகனைச் சாட்சி வச்சு மன்னருக்கு விசுவாசமா இருக்கணும் எண்டா, ரெண்டு பேருக்கும் ஆளையாள் தெரியுமா, மனே?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கே அந்த வரியை வெட்டியிருக்கலாம்.

பின்வரிசை

வசந்தி அக்கா மல்வேர்னிலிருந்து பஸ் பிடித்து வந்து பின்வரிசையில் இருப்பார். ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலை. ஒருநாள் எல்லோரும் போனபின் தாளோடு வந்தார். "தம்பி, இந்த முதல் வரியை விட்டிட்டுச் சொல்லலாமோ?"

ஏன் என்று கேட்டேன். ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் பதுங்குகுழிக்குள் தன் இரண்டு பெடியளும் ஒரே நாளில் போனதை, பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். அன்றைக்கு விடியவிடியக் கும்பிட்டாராம். "அதுக்குப் பிறகு நான் ஆரையும் சாட்சிக்குக் கூப்பிடுறேல்லை."

இரண்டாவது சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் தாள் பிழை என்று ஒத்துக்கொள்ளவேண்டும். பக்கத்து மேசையில் ரெஜினா இருந்தார். "சும்மா வாய்க்குச் சொல்லுங்கோ அக்கா, மனசுக்குள்ள ஆர் எட்டிப் பாக்கப்போகினம்" என்றேன். அவர் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"பொய் சொல்லித்தானோ தம்பி இந்த நாட்டு ஆளாகோணும்?"

கடிதம்

மூன்று கிழமை கழித்து வசந்தி அக்கா அலுவலகத்துக்கு வந்தார். குடியுரிமை வைபவம் வீடியோவில் நடந்திருக்கிறது. பெயர் கூப்பிட்டார்கள், அடையாள அட்டையைக் காட்டினார், வலக்கையையும் உயர்த்தினார். உறுதிமொழி தொடங்கியதும் லப்டொப்பை மூடிவிட்டார். பாஸ்போர்ட் கிடைத்ததும் ஜேர்மனியில் தமக்கையின் மகளுடைய கலியாணத்துக்குப் போக இருந்தவர்.

ஆங்கிலத்தில் கடவுளே இல்லை என்று அப்போதுதான் சொன்னேன். "அப்ப உதை ஆர் எழுதினது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

இன்னொரு தேதி கேட்டு அரசாங்கத்துக்குக் கடிதம் அடித்தேன். அதிலும் என் புத்தி போகவில்லை: 'மொழி விளக்கத்தில் ஏற்பட்ட குறைபாடு காரணமாக' என்று எழுதினேன். ரெஜினா அதை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். வசந்தி அக்கா கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"அந்தக் குறைபாட்டுக்குப் பேர் இல்லையோ, தம்பி?"

என் பெயரை அடித்துச் சேர்த்தேன்.

இரண்டாம் தேதி

அடுத்த தேதி வந்தபோது கலியாணம் முடிந்து ஒரு மாதம். எங்கள் அலுவலகத்திலேயே கணினிமுன் இருந்து, 'உறுதி கூறுகிறேன்' என்ற அந்த ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாக, உரக்கச் சொன்னார். ரெஜினா கைதட்டினார். எனக்குக் கை எழவில்லை. பிறகு கிட்டப்போய், கலியாணத்துக்குப் போகவிடாமல் பண்ணிப்போட்டேன், மன்னியுங்கோ அக்கா என்றேன். அவர் போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார்.

"தாலி கட்டேக்க பொம்பிளைக்குப் பின்னால நான் நிக்கிறதெண்டு கதை. இதில ஆரோ ஒரு மனுசி நிக்கிறா, எனக்கு அவவைத் தெரியாது."

கடவுளைத் தாளில் ஏற்ற எனக்கு அரை நிமிடம் போனது, இறக்கிவைக்க வசந்தி அக்காவுக்கு ஒரு கலியாணமே போனது.