பத்து நிமிடக் கனடா

எங்கள் குடும்பம் கனடாவுக்குக் குடிபோவதா வேண்டாமா என்பது சேலத்தில் ஓர் ஐஸ்கிரீம் குடோனுக்குள் வைத்து முடிவானது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அப்போது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். தம்பி இன்னும் பள்ளிக்கூடத்தில் சேரவில்லை.

அழைப்பு சித்தியிடமிருந்து வந்தது. அம்மாவைப் போல அவளும் நர்ஸ். கல்யாணமாகிக் கனடா போனவள், அந்த நாட்டின் நட்டநடுவே, கோதுமை வயல்களுக்கு மத்தியில் இருந்த ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லமொன்றில் வேலை பார்த்தாள். அங்கே இன்னொரு நர்ஸ் வேண்டும், குடும்பத்தோடு வரலாம் என்று சொன்னாள். ஏற்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலையிலிருந்த அம்மா, ஒரு வருடமாக அடுப்படியில் பருப்பு டப்பாவின் மேல் ஆங்கிலப் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு எதற்காகப் படித்தாள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்கான பரீட்சையைக்கூட அவள் சத்தமில்லாமல் எழுதித் தேறியிருந்தாள்.

அப்பாவுக்கு ஏற்காட்டை அடுத்த தலைச்சோலையில் இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டம். சரிவான நிலம். அதில் எந்தச் செடிக்கு எவ்வளவு வெயில் விழும், எந்தக் கல்லுக்கடியில் ஈரம் நிற்கும் என்பதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அவர் அம்மாவிடம் முடியாது என்று சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்து அவரால் ஆறு மாதம் ஓட்ட முடியும்.

வீட்டில் சிக்னல் கிடைக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் நால்வரும் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருந்த பாறையில் ஏறி உட்கார்ந்து சித்தியோடு வீடியோவில் பேசினோம். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. சித்தி தன் வீட்டு வாசலில் நின்று போனைச் சுற்றிலும் திருப்பிக் காட்டினாள். எல்லாம் வெள்ளை. மேடு இல்லை, பள்ளம் இல்லை. தரை எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்கியது என்றே தெரியவில்லை. எனக்கு அந்தப் பனியில் விழுந்து புரள வேண்டும் போலிருந்தது. அப்பா போனை வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"அந்தக் கோடிக்கு அந்தப் பக்கம் என்ன கண்ணு இருக்குது?"

"இதேதானுங்க மச்சான்."

"அதுக்கும் அந்தப் பக்கம்?"

"அங்கயும் இதேதானுங்க."

அப்பா போனைச் சாய்த்துப் பார்த்தார். "அப்ப பேஞ்ச மழை எந்தப் பக்கம் ஓடும்?"

சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். அப்பா பதிலுக்குக் காத்திருந்தார்.

அதற்குப் பிறகு அவர் குளிரைக் காரணமாகப் பிடித்துக்கொண்டார். சித்தி ஊரில் மைனஸ் இருபது, முப்பது வரை போகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "எனக்கொண்ணும் இல்ல. கொழந்தைங்க தாங்கோணுமில்ல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். "மார்கழியில இங்க மட்டும் வெயிலா அடிக்குதுங்க?" என்பாள் அம்மா. இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் மாமா வந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. சேலத்தில் ஐஸ்கிரீம் பெட்டிகளைக் குளிரறையில் வைத்துக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு குடோனில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். சாப்பிட உட்கார்ந்தவர் சண்டையை இரண்டு வாய் சோற்றுக்குள் தீர்த்துவிட்டார்.

"மைனஸ் இருவது தானுங்க மச்சான்? எங்க குடோனுக்கு வாங்க. பத்து நிமிசம் உள்ள நில்லுங்க. நாலு பேரும் நின்னுட்டா டிக்கெட் போடுங்க. முடியலைன்னா பேச்சை உடுங்க."

அப்பாவால் மறுக்க முடியவில்லை. அம்மா முகத்தில் அன்றைக்கே விசா கிடைத்துவிட்டது போன்ற ஒரு களை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலையிறங்கினோம். பங்குனி வெயில். சேலம் பஸ் நிலையத்தில் நாங்கள் நால்வரும் ஸ்வெட்டரோடு இறங்கியதை ஜனங்கள் நின்று பார்த்தார்கள். அப்பா குரங்குத் தொப்பியும் கொண்டுவந்திருந்தார். குடோன் கதவு ஒரு சாண் கனம் இருந்தது. கதவுக்கு மேலே சிவப்பு எழுத்தில் மைனஸ் இருபத்திரண்டு என்று எரிந்தது. வேலையாட்கள் போடும் தடித்த கோட்டை மாமா நீட்டினார். அப்பா வாங்கவில்லை. "டெஸ்ட்டுன்னா டெஸ்ட்டு" என்றார். மாமா போனில் நேரத்தை வைத்துக்கொண்டு வெளியே நின்றார்.

உள்ளே போனதும் முதலில் மூக்குக்குள் ஏதோ குத்தியது. பிறகு காது. கூரை வரைக்கும் அட்டைப் பெட்டிகள். எங்கேயோ ஒரு விசிறி உறுமிக்கொண்டிருந்தது. நான் வாயால் ஊதி ஊதிப் புகை விட்டேன். அப்பா தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார். அவர் தாடை தாளம் போட்டது. அவன் காதில் ஏதோ சொன்னதைப் பார்த்தேன். அடுத்த விநாடி தம்பி வீறிட்டான்.

"கொழந்தை தாங்கலையே!" என்று அப்பா கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

"நாமளும் போலாமா கண்ணு?" என்றாள் அம்மா.

"நான் வல்ல" என்றேன். எனக்குப் பாதம் மரத்துப்போயிருந்தது. ஆனால் பனி வேண்டுமே.

அம்மா தன் சால்வையில் பாதியை எனக்குப் போர்த்தினாள். பிறகு நான் எதிர்பாராத ஒன்றைச் செய்தாள். நிமிர்ந்து நின்று, எதிரேயிருந்த வெனிலா பெட்டியிடம், "குட் மார்னிங்" என்றாள். வாயிலிருந்து புகை வந்தது. "டிட் யூ ஸ்லீப் வெல்?" என்று கேட்டாள். அடுத்த பெட்டிக்குத் திரும்பி, "லெட் மீ ஹெல்ப் யூ" என்றாள். அடுப்படியில் முணுமுணுத்துப் பார்த்த வாக்கியங்களை அங்கே கணீரென்று சொன்னாள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு பாட்டி, ஒரு தாத்தா. நானும் ஒரு பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கிழவிக் குரலில் "யெஸ் சிஸ்டர்" என்றேன். அம்மா அவ்வளவு சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மாமா கதவைத் திறந்து பத்து நிமிடம் ஆயிற்று என்றபோது, "அதுக்குள்ளயா?" என்று கேட்டாள்.

வெளியே வெயிலில் அப்பா ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். தம்பி கையில் கப் ஐஸ்கிரீம். அழுதவனுக்கு ஐஸ்கிரீம், நின்று ஜெயித்த எனக்கு ஒன்றுமில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அந்த வெயிலிலும் அவர் தாடை போட்ட தாளம் நிற்கவில்லை. குரங்குத் தொப்பியை மோவாய் வரை இழுத்து மறைத்துக்கொண்டார். அம்மாவும் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

மலையேறும் பஸ் ஐந்தாறு வளைவுகளைத் தாண்டியது. பிறகு அம்மா சொன்னாள்.

"நொம்பக் குளுருதானுங்க. எனக்கு ஒத்துவராதுங்க. தங்கச்சிகிட்ட வேண்டாம்னு சொல்லிரலாம்."

என்னால் பொறுக்க முடியவில்லை. சீட்டின் மேலேறி நின்றேன்.

"அம்மா பொய் சொல்லுது! பத்து நிமிசமும் சிரிச்சுக்கிட்டே நின்னுச்சு! பெட்டிகிட்டயெல்லாம் இங்கிலீஷு பேசுச்சு!"

பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் தொடையில் கிள்ளினாள். அப்போது தம்பி, வாயோரம் ஒட்டியிருந்த ஐஸ்கிரீமோடு, தன் பங்குக்கும் ஒன்று சொன்னான்.

"எனக்குக் குளுரவே இல்ல. அப்பாதான், அழுவு சாமி, ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன்னு சொல்லுச்சு."

அப்பா சன்னலுக்கு வெளியே பார்த்தார். அம்மா எதிர்ப்பக்கம் பார்த்தாள். அடுத்த வளைவில் பஸ் திரும்பியபோது அம்மா அப்பாவின் மேல் சாய்ந்தாள். வளைவு முடிந்த பிறகும் நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அடுப்படிக்குப் போய்த் தானே காப்பி போட்டார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். இரண்டு பேரும் பொய் சொன்னது வெளிச்சமாகிவிட்டதால் இனி யாராவது யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டும், பிறகு நாங்கள் கனடா போக வேண்டும் என்பது என் கணக்கு.

"நீ போறதுன்னா போயிட்டு வா புள்ள" என்றார் அப்பா. "இதுக ரெண்டையும் நான் பாத்துக்கறேன்."

அம்மா தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஊட்டை உட்டுட்டு நான் மட்டும் போயி என்னங்க பண்ணட்டும்? காப்பி ஆறுது, குடிங்க."

அவ்வளவுதான். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் அம்மா தனியாகப் பாறைக்கு ஏறிப் போய்ச் சித்தியோடு பேசிவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கி வந்தாள். மறுநாளிலிருந்து பருப்பு டப்பா மேல் புத்தகம் இல்லை. நான் இரண்டு நாள் அவர்கள் இருவரோடும் பேசாமல் இருந்தேன். அதை அவர்கள் கவனித்தார்களா என்றுகூடத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்காருபவள் பக்கத்து ஊரான வெள்ளக்கடையிலிருந்து வருகிறவள். எதையும் விடாமல் கேட்கிறவள். மத்தியானச் சாப்பாட்டின்போது, "நீங்க கனடா போறதா சொன்னியே, என்னாச்சு?" என்றாள். சுற்றியிருந்த நாலைந்து பேரும் டிபன் பாக்ஸிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

குடோன், ஐஸ்கிரீம், அப்பாவின் குரங்குத் தொப்பி, அவர் தாடை போட்ட தாளம் எல்லாம் என்னிடம் தயாராக இருந்தன. சொல்லியிருந்தால் ஒரு வாரத்துக்கு நான்தான் வகுப்பின் ராணி. இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

"எங்கம்மாவுக்குக் குளுரு ஆகாது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. அவள் மேற்கொண்டு ஏதும் கேட்டுவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டு வேகவேகமாகச் சாப்பிட்டேன்.