முள்ளுக்கு நேரே நின்ற வெள்ளைப் புள்ளி

என் மனைவியின் இடது காலில் மாவுக்கட்டு போட்டு வியாழக்கிழமையோடு ஆறு வாரம் முடிகிறது என்று டைரியில் முன்கூட்டியே எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டு வைத்திருந்தேன். அதற்கு நான்கு நாள் முன்னால், ஞாயிறன்று, ஜமுனாமரத்தூர் கடைத்தெருவிலிருந்து திரும்பி வாசலை எட்டும் நேரத்தில் எங்கள் ஜீப் நின்றுபோனது.

துணி துவைக்கும் கல்லில் வழுக்கி விழுந்து கணுக்காலுக்கு மேலே எலும்பு விரிசல் விட்டிருந்தது அவளுக்கு. வேலூரில் கட்டுப் போட்ட எலும்பு டாக்டர் வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். அடுத்த இரண்டு வியாழனும் அவர் விடுப்பு என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். இந்த வியாழனைத் தவறவிட்டால் இன்னும் மூன்று வாரம் அந்தக் கட்டோடுதான் அவள் இருக்க வேண்டும். கட்டுக்குள் அரிப்பு தாங்காமல் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவித் தலையணைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "வியாழக்கெழம இத அடுப்புல போடுறேன்" என்று அந்தக் குச்சியைக் காட்டித் தினமும் சொல்வாள்.

எங்கள் வீடு ஜமுனாமரத்தூரிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. வழியில் ஓடைக்குப் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தற்காலிகப் பாதை முழங்கால் சேறு. வாடகைக் கார்கள் ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு டூவீலரிலும் உட்கார முடியாது. நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் ஒன்றுதான் அந்தச் சேற்றைத் தாண்டும்.

ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் ஜீப் அது. இந்தப் பக்கத்துப் பழைய ஜீப்புகளெல்லாம் எப்போதோ டீசல் இன்ஜினுக்கு மாறிவிட்டன. இதற்கு மட்டும் பிறவி இன்ஜினே இருக்கிறது. நான் பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக வேலை பார்க்கிறவன். கண்ணில் படும் பொருளுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஜீப்புக்கும் தனி நோட்டு உண்டு. ஆயில் மாற்றிய நாள், டயர் மாற்றிய நாள் எல்லாம் அதில் இருக்கும்.

மலைக்குக் கீழே சந்தவாசலில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்குக்குத் திங்கள் காலை போன் செய்தேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, நடுத்தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொன்னார். நான்கு சிலிண்டருக்கும் முறைவைத்து, வேளை தவறாமல் தீப்பொறியை அனுப்பி வைக்கிற உறுப்பு அது. வேளை என்பதுதான் அதில் முக்கியம். தண்டு ஆடும் பல்லைப் போல ஆடியது. உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது, சரிபண்ண முடியாது, வேறு போட வேண்டும் என்றார்.

அன்றே அவர் வேலூரில் ஒரு கடையில் சொல்லிவைத்து, நன்றாகப் புதுப்பித்த ஒன்றைப் பிடித்துவிட்டார். செவ்வாய் மாலை அது பஸ்ஸில் வந்தது. கண்டக்டரிடம் கீழே போடக் கூடாது என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. மலைப்பாதையின் அத்தனை வளைவிலும் அந்தச் செய்தித்தாள் பொட்டலத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாக, அதை என் கையில் கொடுத்தபோது சொன்னார். அவரிடம் பேர் கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

புதன் முதல் பஸ்ஸில் மெக்கானிக் ஏறி வந்துவிட்டார். பக்கத்து நிலத்தில் சாமை போடும் விவசாயி தன் டூவீலரில் போய் அவரைக் கூட்டிவந்து, ஒத்தாசைக்குக் கூடவே நின்றார். என் மனைவி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொல்லி, காலை ஒரு முக்காலி மேல் வைத்து, மடியில் முறத்தோடு உட்கார்ந்தாள். சாமை அரிசியில் கல் பொறுக்குவதாகப் பேர். கண் முழுக்க ஜீப் மேல்தான்.

முதல் ஒரு மணி நேரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. நான்கு வயரிலும் துணி டேப் சுற்றி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதினேன். உள்ளே சுழலும் ரோட்டார் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதை இன்ஜின் மேல் ஆணியால் கீறிவைத்தேன். செல்போனில் படமும் எடுத்தேன். அதற்குப் பிறகுதான் பழைய டிஸ்ட்ரிபியூட்டரை உருவினார். பிளக்குகளையும் துடைப்பதற்காகக் கழற்றி வரிசையாக வைத்தார். புதியதை அதே திசை பார்த்து இறக்கினால் வேலை முடிந்தது.

அதற்குள் வெயில் ஏறிவிட்டது. பலாமரத்து நிழலுக்குத் தள்ளிவிடலாம் என்றேன். ஹேண்ட்பிரேக் பிடிக்காது என்பதால் எப்போதும் கியரில் போட்டு, டயருக்குக் கல் வைப்பது என் வழக்கம். கல்லை எடுத்தேன். கியரை எடுக்கவில்லை. மூன்று பேரும் சேர்ந்து தள்ளினோம். பிளக் இல்லாத இன்ஜின் முரண்டு பிடிக்காமல் வண்டியோடு சேர்ந்து சுற்றியது. மரத்தடிக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இன்ஜின் எங்கே நின்றிருந்ததோ அந்த இடம் போய்விட்டது. என் கீறலுக்கும் படத்துக்கும் இனி அர்த்தமில்லை.

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "பரவால்லணா, மொதல்லருந்து புடிக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். வேறு யாராக இருந்தாலும் அன்று முழுக்க அதைச் சொல்லிக் காட்டியிருப்பார்கள்.

முதலிலிருந்து பிடிப்பது என்றால் இதுதான். முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அடைத்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் முன்னால் நின்று ஹேண்டிலைப் போட்டு இன்ஜினை மெதுவாகச் சுற்ற வேண்டும். உள்ளிருந்து காற்று விரலைத் தள்ளினால் அந்தச் சிலிண்டரின் முறை வருகிறது என்று அர்த்தம். அப்போது முன்பக்கம் ஃபேன் பெல்ட் ஓடும் புல்லியைப் பார்க்க வேண்டும். அதிலுள்ள அடையாளம் இன்ஜின் உடம்பில் அசையாமல் நிற்கும் முள்ளுக்கு நேராக வந்ததும் நிறுத்தி, ரோட்டார் முதல் வயரைப் பார்க்கும்படி டிஸ்ட்ரிபியூட்டரை இறக்க வேண்டும்.

பக்கத்து நிலத்துக்காரர் ஹேண்டிலைச் சுற்றினார். மெக்கானிக்கின் விரலைக் காற்று தள்ளியது. நான் குனிந்து புல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கருப்பு அழுக்குக்கு நடுவே பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. முள்ளுக்கு நேராக வந்ததும் கை காட்டினேன்.

வண்டி கிளம்பியது. மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் சத்தம் கனமாக இருந்தது. மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்தார். திருப்பத் திருப்ப இன்ஜின் தெளிந்தது. ஆனால் அதைப் பிடித்திருக்கும் நட்டு தன் நீள்துளையின் ஓரத்தில் போய் முட்டிவிட்டது. அதற்கு மேல் திரும்பாது. "இன்னும் திருப்பக் கேக்குதுணா" என்றார். அப்படியே எடுத்துக்கொண்டு முதல் ஏற்றம் வரை போய்ப் பார்த்தோம். பாதி ஏற்றத்தில் வண்டி இழுக்க மறுத்தது. டேஷ்போர்டில் சூட்டு முள் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறியது. திருப்பிக் கொண்டுவந்து மரத்தடியில் நிறுத்தினோம்.

மணி ஒன்றரை. வந்த டிஸ்ட்ரிபியூட்டரே சரியில்லையோ என்று மெக்கானிக் சந்தேகப்பட்டார். திருப்பி அனுப்பி வேறு வாங்கினால் வெள்ளிக்கிழமைதான் கைக்கு வரும். இதை அவர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். அவளுக்குக் கேட்டுவிட்டது. முறத்தைக் கீழே வைத்தாள். மூன்று வாரத்தை மனதில் எண்ணுகிறாள் என்று தெரிந்தது.

நான் மறுபடி குனிந்து புல்லியைப் பார்த்தேன். எங்கள் பக்கம் தப்பில்லை என்று உறுதி செய்துகொள்ள, டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கும்போது வெள்ளை அடையாளம் முள்ளுக்கு நேரேதான் நின்றது என்று மெக்கானிக்கிடம் உரக்கச் சொன்னேன்.

"இன்னா வெள்ள?" என்றாள் நாற்காலியிலிருந்து.

புல்லியில் இருக்கும் அடையாளம் என்றேன்.

"மொளகு சைசு இருக்கா? கீழ்ப்பக்கம் லேசா வழிஞ்சிருக்குமே, பாருங்க."

பார்த்தேன். வழிந்துதான் இருந்தது.

"அது நான் வெச்சதுங்க. ஆயுத பூஜைக்கு."

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு அவள் வைத்திருக்கும் ஒழுங்கு ஒன்று உண்டு. சுற்றுகிற எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பாள். தையல் மெஷின் சக்கரம், கிரைண்டர், கிணற்று ராட்டினம், ஜீப்பின் நான்கு டயர், ஸ்டெப்னி. வருடாவருடம் சந்தனம் காய்ந்து இன்ஜினுக்குள் உதிர்கிறது என்று குறை சொன்னவன் நான்தான். இந்த வருடம் வாசல் கேட்டுக்கு அடித்தது போக மீந்த வெள்ளைப் பெயிண்டால் வை என்று சொன்னவனும் நான்தான். அவள் சின்ன பிரஷை எடுத்து, முன்பக்கக் கிரில்லுக்குள் கையை விட்டு, அங்கே சுற்றுவது எது என்று பார்த்து, அதற்கும் ஒன்று வைத்திருக்கிறாள். பிறகு டைரியைப் புரட்டிப் பார்த்தேன். அந்த நாளில் என் கையெழுத்திலேயே இருந்தது: "பொட்டு பெயிண்டில். சந்தனம் மிச்சம்."

மெக்கானிக் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துப் புல்லியை ஒரு முழுச்சுற்று துடைத்தார். பொட்டிலிருந்து மூன்று விரல் தள்ளி, கல்லாய் இறுகிய கிரீஸுக்கு அடியில், நகம் மாட்டும் அளவுக்கு ஒரு மெல்லிய வெட்டு இருந்தது. அதுதான் நிஜ அடையாளம். அது முள்ளைக் கடந்து மூன்று விரல் போன பிறகே இன்ஜினுக்குத் தீப்பொறி கிடைத்துக்கொண்டிருந்தது. தாமதமாகக் கிடைத்த தீயில் வண்டி சூடுதான் ஆகும், இழுக்காது.

"லேப்லயும் இப்பிடித்தான் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுவீங்களாணா?" என்று கேட்டார் என்னிடம். பிறகு அவள் பக்கம் திரும்பி, "நல்லவேள அண்ணி, இன்ஜினுக்கு உள்ள மால போடாம வுட்டீங்க" என்றார்.

"மூடி தெறந்திருந்தா போட்டுருப்பேன்" என்றாள் அவள். அன்று காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

மறுபடி விரல், மறுபடி ஹேண்டில். இந்த முறை வெட்டு முள்ளுக்கு நேராக நின்றது. மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி, அடியிலுள்ள சக்கரத்தை ஒரு பல் தள்ளி இறக்கினார். நட்டு இப்போது நீள்துளையின் நடுவில் வந்து உட்கார்ந்தது. இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் கட்டி, ஒன்றைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வயர் போகும் முனையிலும் மற்றதை இன்ஜின் உடம்பிலும் வைத்து, சாவியைத் திருப்பினோம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாயின்ட் திறக்கும் கணத்தில் பல்பு எரியும். தீப்பொறி பிறப்பதும் அந்தக் கணத்தில்தான். தலைமுடி அளவுக்குத் திருப்பி, பல்பு எரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, நட்டை இறுக்கினார். பக்கத்து நிலத்துக்காரர் ஹேண்டிலை அரைச் சுற்று சுற்றியதுமே இன்ஜின் பிடித்துக்கொண்டது.

மெக்கானிக்கை ஐந்து மணி பஸ்ஸுக்கு அந்த ஜீப்பிலேயே கொண்டுபோய் விட்டேன். ஓடைச் சேறு, பிறகு ஏற்றம். சூட்டு முள் நடுவை விட்டு அசையவில்லை. பஸ் படியில் நின்றுகொண்டு, "நாளைக்கு அண்ணி கால கீழ வெச்சதும் ஒரு போன் போடுங்க" என்றார்.

மறுநாள் ஆறு மணிக்குப் பனிமூட்டத்தில் கிளம்பினோம். பின்பக்க நீள இருக்கையில் போர்வையை மடித்துப் போட்டு, அதன் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மலையடிவாரத்து அமிர்தி வரும்வரை ஒவ்வொரு வளைவிலும், "சூட்டு முள்ளு எங்கங்க நிக்குது?" என்று கேட்டாள். நடுவில் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். பதினொன்று நாற்பதுக்குக் கட்டைப் பிரித்தார்கள். கால் வெளுத்து, மெலிந்து, யாருடையதோ போல இருந்தது. கட்டிலிலிருந்து இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, பாதத்தைத் தரையில் வைத்தாள். தரை சில்லென்று இருக்கிறது என்றாள். மெக்கானிக்குக்கு அவளே போன் செய்தாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. ரொம்ப நேரம் சிரித்தாள். வீடு திரும்பியதும் முதல் வேலையாக ஈர்க்குச்சி அடுப்புக்குப் போனது.

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறன்று ஜீப்பின் முன்மூடியைத் திறந்து வைத்தேன். அவள் ஊன்றுகோலோடு வந்தாள். வெள்ளைப் பொட்டை அழிக்க வேண்டாம் என்று அவளிடம் நான் முன்பே சொல்லியிருந்தேன். அந்த வெட்டு எங்கே என்று கேட்டாள். காட்டினேன். ஊன்றுகோலை பம்பரில் சாய்த்துவிட்டு, பிரஷைச் சிவப்புப் பெயிண்டில் தோய்த்து, குனிந்து, அந்த வெட்டின் மேல் வைத்தாள். இந்த முறை வழியவில்லை. நான் புல்லியைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதையும் பிடிக்காமல் இரண்டு காலில் இரண்டு நிமிடம் நின்றிருந்தாள். அன்றைய டைரியில் முதல் வரியாக அதைத்தான் எழுதினேன்.